இசைவாணருக்கு ஒரு சங்கம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கலையும் சமயமும் என்னும் பொருள்பற்றிப் பேசும்படி செயலாளர் எம்மைக் கேட்டிருந்தார். பொருள் பெரிது. அதுபற்றி எம்மிலும் பன்மடங்கு அறிந்தவர்கள் இம்மண்டபத்திலே பலர் இருக்கின்றனர். ஆகையால் அதன் ஒரு சிறு மூலையை மாத்திரம் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டினோம். கோயில் வீதியிலும் மணப் பந்தலிலும் நாடக மேடையிலும் வாசித்தும் பாடியும் ஆடியும் பிழைப்பவர்கள் தமக்கெனத் தொழிற் சங்கம் ஒன்று கண்டு அதிலே சேர்வதால் அவர்களுக்கு விளையும் நன்மை யாது என்பதே அம்மூலை. தொழிற் சங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் செயலாளரின் முகம் சற்று மாறியது. ஆயினும் அவர் மறுத்தாரில்லை. அவருக்கு எமது நன்றி.

இப்பொருளை நாம் எடுத்ததற்குக் காரணம் ஒரு மழை. ஈராண்டுகளுக்கு முன் எமது சங்கத்தின் விஜயதசமி ஊர்வலத்துக்கு மேளம் பேசியிருந்தோம். இரண்டு நாதசுரம், இரண்டு தவில். கோயிலிலிருந்து மண்டபம் வரை வீதியுலா, பின்னர் மண்டபத்திலே கச்சேரி என்பது பேச்சு. தொகையும் பேச்சளவிலேதான். எழுத்தில் ஒன்றுமில்லை. சுவாமி தேரடிச் சந்தியைக் கடக்கு முன்னரே வானம் இருண்டு மழை கொட்டிற்று. ஊர்வலம் கலைந்தது. மண்டபத்துள்ளும் நீர் புகுந்தமையாற் கச்சேரி நடைபெறவில்லை. அரை வாசிப்புக்கு அரைப் பணம் என்று விழாக் குழு தீர்மானித்தது. அக்குழுவில் நாமும் இருந்தோம். குடையைப் பிடித்துக்கொண்டு பணவுறையைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் நாமே. வந்தவர்கள் தூரத்து ஊரிலிருந்து வாடகை வானிலே வந்தவர்கள். வான்காரன் மழைக்காக அரை வாடகை வாங்கிக்கொள்வானா? தவில் வித்துவான் வயதிலே எமது பாட்டனாரை ஒத்தவர். உறையை எண்ணிப் பாராமலே மடியில் வைத்துக்கொண்டு, "அதுக்கென்ன தம்பி, சுவாமி காரியந்தானே" என்றார். நனைந்த தவிலைத் துண்டினால் துடைத்தார். போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு கலியாண வீட்டிலே அவரைக் கண்டோம். மனம் உறுத்தியபடியால் அருகிற் போய் இருந்து, "ஐயா, உங்களுக்கெண்டு ஒரு சங்கம் இருந்தால் இப்படி நடக்குமோ?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டு, "சங்கமோ தம்பி? சங்கத்திலை சேர்ந்தால் அடுத்த வரியம் ஆர் எங்களைக் கூப்பிடுவினம்?" என்றார். அந்தக் கேள்விக்கு அப்போது எம்மிடம் விடை இருக்கவில்லை. அதைத் தேடிப் படித்ததில் தேறியவற்றையே இன்று இங்கே சமர்ப்பிக்கின்றோம்.

முதலிலே பெரியோர்கள் சொல்லும் ஒரு தடையை எடுத்துக்கொள்வோம். இசை தெய்வீகமானது. கோயிலில் வாசிப்பது தொண்டு. தொண்டுக்கு விலை பேசலாமா என்பர். இத்தடையை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. இறைவன் சந்நிதியில் வாசிக்கும்போது வித்துவானின் உள்ளத்தில் எழுவது கூலி நினைவன்று என்பதை நாமும் நேரிற் கண்டிருக்கிறோம். ஆனால் கோயிலுக்கு எண்ணெய் கொடுப்பவர் விலைக்கே கொடுக்கிறார். பந்தல் போடுபவர் கூலி வாங்குகிறார். மின்சாரச் சபை கோயிலென்று பார்த்து மானி வாசிப்பைக் குறைப்பதில்லை. தொண்டு என்ற சொல் மேளகாரரிடம் வரும்போது மாத்திரம் எமது நாவில் ஏறுவது ஏன்?

இவ்விஷயத்தில் எமது முன்னோர் எம்மினும் தெளிவாக இருந்தனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன் அக்கோயிற் பணிக்கென 400 தளிச்சேரிப் பெண்டிரைக் குடியமர்த்தினான். நட்டுவம் செய்வோர், பாடுவோர், குழலூதுவோர், மத்தளம் முதலியன கொட்டுவோர் என ஏனையோரையும் நியமித்தான். ஒவ்வொருவருக்கும் இத்தனை பங்கு என்று வகுத்து, ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் என்று அளவும் குறித்துக் கல்லிலே வெட்டுவித்தான். ஒருவர் இறந்தால் அல்லது ஊரைவிட்டுப் போனால் அப்பங்கை அடுத்த உறவினர் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும், அவ்வுறவினர் தகுதியில்லாதவராயின் தகுதியுள்ள ஒருவரை அமர்த்த வேண்டும் என்பதும் அக்கல்வெட்டிலே உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஏற்பாடு இது. ஊதியத்தின் அளவு, வேலையின் உறுதி, தகுதி பற்றிய விதி ஆகிய மூன்றும் எழுத்திலே இருக்கின்றன. இன்று ஒரு தொழிற் சங்கம் முதலாளியிடம் கேட்பதும் ஏறக்குறைய இவையே. வேறுபாடு யாதெனின், அன்று அரசன் தானாகக் கொடுத்தான். இன்று அப்படிக் கொடுக்க அரசனில்லை. எமது சங்கம் போன்ற நூறு உபயகாரர் இருக்கின்றனர். நூறு பேரிடமும் தனித்தனியே போய் நின்று பேசுகின்றவன் ஒவ்வொரு வாயிலிலும் சிறிது சிறிதாகக் குனிய வேண்டியவனாகிறான்.

இனி வேறொரு கதை. நாம் படித்தது ஒரு மிஷன் பாடசாலை. அங்கே காலைக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆண்டுதோறும் டைட்டானிக் கப்பலின் வாத்தியகாரரைப் பற்றிக் கூறுவார். 1912 ஏப்பிரில் 15ஆம் திகதி அக்கப்பல் மூழ்கியபோது எட்டு வாத்தியகாரரும் மேற்றட்டிலே நின்று பிரயாணிகளின் அச்சம் தணிய வாசித்துக்கொண்டேயிருந்து, எட்டுப் பேரும் இறந்தனர் என்பது கதை. உண்மையும் அதுவே. கேட்கும்போது எமது கண்கள் கலங்கும். கடமை என்றால் இதுவன்றோ என்று எண்ணுவோம். ஆனால் அக்கதையின் பிற்பகுதியை ஆசிரியர் சொன்னதில்லை. அவருக்கும் தெரியாதிருந்திருக்கலாம்.

அந்த எட்டுப் பேரும் கப்பற் கம்பனியின் ஊழியராகக் கொள்ளப்படவில்லை. லிவர்ப்பூலிலிருந்த ஒரு முகவர் நிறுவனம் கப்பல்களுக்கு வாத்தியகாரரை அனுப்பும் உரிமையைத் தன் கைக்குள் கொண்டுவந்திருந்தது. அதற்கு முன் மாதம் 6 பவுண் 10 ஷில்லிங் பெற்றவர்கள் அந்நிறுவனத்தின்கீழ் 4 பவுணுக்கு வாசித்தனர். கப்பலில் அவர்கள் சென்றது இரண்டாம் வகுப்புப் பிரயாணச் சீட்டில். கப்பல் மூழ்கியதும் குடும்பத்தினர் நட்டஈடு கேட்டனர். அவர்கள் எமது ஊழியரல்லர், பிரயாணிகள் என்றது கப்பற் கம்பனி. முகவர் நிறுவனமும் பொறுப்பேற்கவில்லை. நீதிமன்றத்திலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் தொழிலாளராகத் தெரியவில்லை. இதற்கிடையில், இறந்துபோன இளம் வயலின் வாத்தியகாரர் ஒருவரின் தந்தைக்கு அந்த முகவர் நிறுவனத்திடமிருந்து ஒரு கணக்குச் சீட்டு வந்தது. மகனின் சீருடைக்குச் செல்லவேண்டிய 14 ஷில்லிங் 7 பென்ஸைக் கட்டுமாறு கேட்டிருந்தனர். மகனோடு சீருடையும் போயிற்று, கடன் மாத்திரம் கரை சேர்ந்தது.

இச்சீட்டை ஊரறியச் செய்தது யார்? வாத்தியகாரரின் தொழிற் சங்கம். அது தன் பத்திரிகையிலே அதனை வெளியிட்டது. கப்பல்களில் நடக்கும் இக்குறைப்பைப்பற்றி விபத்துக்கு முன்னரே கம்பனியிடம் முறையிட்டதும் அச்சங்கமே. அது முழு வெற்றி பெற்றதென்று நாம் சொல்லவில்லை. குடும்பங்களுக்கு உதவி ஈற்றில் வந்தது பொதுமக்கள் சேர்த்த நிவாரண நிதியிலிருந்து. ஆயினும் எட்டுக் குடும்பங்களின் சார்பில் எழுந்து நின்று கேட்க ஒரு வாய் இருந்தது. எமது தவில் வித்துவானுக்கு அப்படி ஒரு வாய் இல்லை. ஆதலின் அவர் சுவாமி காரியந்தானே என்று சொல்லிப் போனார்.

அந்தச் சங்கம் 1893ஆம் ஆண்டில் மன்செஸ்டர் நகரிலே தோன்றியது. ஜோசப் பெவிர் வில்லியம்ஸ் என்னும் இளம் கிளாரினெட் வாத்தியகாரர், நாடக சாலைகளில் வாசித்த தோழர்களுக்குக் கடிதம் எழுதி அழைத்துத் தொடங்கினார். அந்நாளில் லண்டன் மாநகரில் வேறொரு கூட்டத்தார் இருந்தனர். அவர்கள் தம்மைக் கலைஞர் என்றே சொல்லிக்கொள்ள விரும்பினர். தொழிலாளி என்ற பெயர் தமக்கு இழுக்கு என்று கருதினர். வில்லியம்ஸ் கூட்டத்தாருக்கோ அக்கூச்சம் இல்லை. பகலில் வேறு வேலை செய்து இரவில் வாசிப்பவரையும் சேர்த்துக்கொண்டனர். சங்கம் வகுத்த கூலிக்குக் குறைந்து வாசிக்கக் கூடாது என்பது மாத்திரமே நிபந்தனை. 1921ஆம் ஆண்டில் இரு கூட்டத்தாரும் ஒன்றாகிப் பிரித்தானிய வாத்தியகாரர் சங்கம் உருவாயிற்று. இன்றும் அது இயங்குகிறது. பகலிலே படிப்பித்தும் தோட்டஞ் செய்தும் இரவிலே மிருதங்கம் வாசிப்பவர் எமது பகுதியிற் பலர். அவர்களைக் கருதியே இதனைக் குறிப்பிட்டோம்.

கீர்த்தி பெற்ற வித்துவானுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்பர். அவர் கேட்டது கிடைக்குமே. நியாயமான கேள்வி. 1907 சனவரியில் லண்டன் இசைமண்டபங்களிலே வேலைநிறுத்தம் எழுந்தது. மண்டப முதலாளிகள் பகற் காட்சிகளைக் கூட்டினர், அதற்கு வேறாகச் சம்பளம் கொடுக்க மறுத்தனர். வாத்தியகாரர், மேடைப் பாடகர், திரை இழுப்போர் ஆகிய மூன்று வகையினரின் சங்கங்களும் சேர்ந்து நின்றன. அக்காலத்தில் லண்டன் முழுவதும் பெயர் விளங்கிய பாடகி மாரி லொயிட் அம்மையார். அவர் தாம் வேண்டிய தொகையைத் தாமே சொல்லி வாங்கக்கூடியவர். அப்படிப்பட்டவர் மண்டப வாயிலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார். தமக்காக அன்று, வாரக் கூலிக்கு ஆடும் சிறியோருக்காகவே நிற்பதாக அவர் சொல்லியிருக்கிறார். முடிவில் ஜோர்ஜ் அஸ்க்வித் என்பவர் நடுவராகி, வாத்தியகாரருக்குக் குறைந்தபட்சக் கூலியும் வேலை நேர வரம்பும் வகுத்தார். சங்கம் வகுப்பது தரை, கூரை அன்று. உயர்ந்த வித்துவான் தம் தகுதிக்கேற்ப மேலே எவ்வளவும் கேட்கலாம். தரைக்குக் கீழே ஒருவரும் தள்ளப்படாமல் இருப்பதே கருத்து. ஆனால் அந்தத் தரையைப் போடுவதற்குப் பெரியவர்களின் தோள் வேண்டும். சிறியவர் மாத்திரம் சேர்ந்தால் "நீங்கள் வராவிட்டால் வேறு ஆள் உண்டு" என்ற ஒரு சொல்லோடு காரியம் முடிந்துவிடும். தவில் வித்துவானின் கேள்விக்கு விடையின் ஒரு பாதி இங்கே கிடைத்தது என்று நினைத்தோம். ஆர் கூப்பிடுவினம் என்று அவர் அஞ்சினார். எல்லாரும் சேர்ந்துவிட்டால் கூப்பிடுவதற்குச் சங்கத்தாரைத் தவிர வேறு யார் இருப்பர்?

வேறு யார் இல்லாவிடினும் இயந்திரம் இருக்கிறதே என்று நண்பர் ஒருவர் எம்மை மடக்கினார். அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. இன்று பல கோயில்களில் பூசை நேரத்துக்கு மின்சாரத்தால் தானே அடிக்கும் முரசும் மணியும் பொருத்தியிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினாற் போதும். கலியாண வீட்டிலே கெட்டிமேளம் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. ஒருமுறை தாலி கட்டி முடிந்து வெகுநேரம் ஆகியும் அந்த மேளம் நிற்கவில்லை. நிறுத்தத் தெரிந்த பையன் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தான்.

இதே தொல்லை அமெரிக்க நாட்டு வாத்தியகாரரை எமக்கு முன்பே பிடித்தது. 1927ஆம் ஆண்டிலே பேசும் படம் வந்தது. அதுவரை ஊமைப் படத்துக்குத் திரையின் அடியிலிருந்து வாசித்த பல்லாயிரவர் சில ஆண்டுகளுள் வேலையிழந்தனர். பின்னர் இசைத் தட்டும் வானொலியும் மிஞ்சிய வேலையையும் தின்னத் தொடங்கின. ஒருவன் ஒரு நாள் வாசித்துக் கொடுத்த தட்டு, அவனுடைய தோழர்களின் வேலையை ஆயிரம் நாளுக்குப் பறித்தது. அவர்களுடைய சங்கத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதல் இசைத் தட்டுக்கு ஒருவரும் வாசிக்கக் கூடாது என்று நிறுத்தினார். போர்க்காலம் அது. பத்திரிகைகள் வைதன. சனாதிபதி ரூஸ்வெல்ட் கேட்டும் அவர் இணங்கவில்லை. பாடகர் சிலர் வாத்தியமே இல்லாமல் வாய்ப்பாட்டுக் குழுவை மாத்திரம் துணைகொண்டு தட்டுப் பதிந்தனர் என்பது ஒரு வேடிக்கை. 1944 நவம்பரில் பெருங் கம்பனிகள் பணிந்தன. விற்கும் தட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகை ஒரு நிதிக்குச் செலுத்த இசைந்தன. அந்நிதியைச் சங்கத்தார் தமக்குள் பங்கிட்டு உண்ணவில்லை. வேலையற்ற வாத்தியகாரருக்கு அதிலிருந்து கூலி கொடுத்துப் பொதுமக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தினர். பிற்பாடு சட்டம் மாறியதால் நிதி தனிப் பொறுப்பாளரிடம் போயிற்று. கச்சேரிகள் நிற்கவில்லை.

இயந்திரத்தை உடைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. இயந்திரம் ஈட்டும் பணத்தில் இயந்திரத்துக்குத் தன் மூச்சைக் கொடுத்தவனுக்கும் பங்கு வேண்டும் என்றே கேட்டனர். அதே கேள்வி இப்போது இன்னும் கூராகிவிட்டது. நடிகனின் முகத்தையும் குரலையும் கணினியே செய்துவிடுகிற காலம் இது. 2023ஆம் ஆண்டில் அமெரிக்க நடிகர் சங்கத்தார் சூலை நடுவிலிருந்து நவம்பர் வரை 118 நாள் வேலைநிறுத்தஞ் செய்தனர். சம்பளத்தோடு அவர்கள் கேட்டதில் முக்கியமான ஒன்று, தம் உருவைக் கணினியால் ஆக்கிப் பயன்படுத்துவதானால் முன்னர் சம்மதம் பெறவேண்டும், கூலியும் கொடுக்கவேண்டும் என்பது. ஒப்பந்தத்தில் அது ஏறியது. தனி நடிகன் ஒருவன் அதைக் கேட்டிருந்தால் அடுத்த படத்துக்கு அவனைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். நாம் புகழ்ந்த அந்த அமெரிக்க வாத்தியகாரர் சங்கத்திலே வெள்ளையருக்கு ஒரு கிளை, கறுப்பருக்கு ஒரு கிளை என்று பல நகரங்களில் வெகுகாலம் பிரித்து வைத்திருந்தனர். நல்ல வேலை வெள்ளையர் கிளைக்கே போயிற்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1953ஆம் ஆண்டிலும், சிக்காக்கோவில் 1966ஆம் ஆண்டிலும்தான் இரு கிளைகளும் ஒன்றாயின. தொழிலாளர் ஒற்றுமை என்று மேடையிலே முழங்கியவர்களுக்கு இது உறுத்தவில்லையா? உறுத்தியவர் சிலர் போராடியபடியாலே தான் ஒன்றாயின. எமது நாட்டில் இதை நாம் பிறர் கதையாகக் கேட்டுவிட்டுப் போக முடியாது. இங்கே மேளகாரர் என்றாலே ஒரு குலத்தை நினைக்கிறார்கள். தவில் வாசிப்பவரின் விரலைப் புகழ்ந்துவிட்டு, மறுகணமே வயது பாராமல் அவரை ஏகவசனத்தில் அழைக்கும் வழக்கம் எம்மூர்களில் இன்னும் முற்றாகப் போகவில்லை. சங்கீத சபையில் வீணை வாசிப்பவருக்கு ஒரு சங்கம், வீதியில் ஊதுபவருக்கு ஒரு சங்கம், கூத்தாடுபவருக்கு இன்னொன்று என்று அமையுமானால் அது அமையாதிருத்தலே நன்று. கலைப் பட்டதாரியும் பரம்பரை வித்துவானும் மெல்லிசைக் கோஷ்டியில் கீபோட் வாசிக்கும் பையனும் ஒரே புத்தகத்திலே கையெழுத்திட வேண்டும்.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் ஒரு முன்மாதிரி உண்டு. "பாதை தெரியுது பார்" என்னும் 1960ஆம் ஆண்டுத் தமிழ்ப் படத்துக்கும், பின்னர் எத்தனையோ மலையாளப் படங்களுக்கும் இசையமைத்த எம். பி. சீனிவாசன் அவர்கள், சென்னைத் திரைப்பட வாத்தியகாரரை ஒரு சங்கமாகத் திரட்டுவதில் முன்னின்றவர். திரையிற் பெயர் வராத வயலின்காரரும் தபேலாக்காரரும் தம் கூலியைப் பிச்சையாகக் கேளாது உரிமையாகக் கேட்கப் பழகியது அதன் பின்னரே. அவர் தாமே இசையமைப்பாளர். தம்மிடம் வாசிப்பவர்களின் கூலி உயர்ந்தால் தமது படங்களுக்கும் செலவு கூடும் என்று அறிந்தே அதைச் செய்தார். 1988ஆம் ஆண்டில் அவர் காலமானார். பாட்டை ஆக்கியவருக்கும் பாடியவருக்கும் தொடர்ந்து பங்கு வரவேண்டும் என்று இந்தியாவில் எழுந்த கோரிக்கை 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தில் ஓரளவு நிறைவேறியது.

இனி எமது நாட்டுக்கு வருவோம். தொழிற் சங்கம் காண்பது இங்கே புதுமையன்று, பெருஞ் செலவும் அன்று. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின்படி ஏழு பேர் கையெழுத்திட்டு விண்ணப்பித்துப் பதிவு செய்யலாம். இரண்டு மேளக் கூட்டம் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தால் ஏழு பேர் ஆகிவிடும். மேளகாரர் தொழிலாளியா என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தை. 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழிலாளி என்ற சொல்லுக்குக் கூறும் பொருளிலே, ஒரு வேலையைத் தாமே ஆளாக நின்று செய்து தர ஒப்புக்கொண்டவரும் அடங்குவர். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலென்ன, வாய்ச் சொல்லாய் இருந்தாலென்ன, ஒப்பந்தம் ஒப்பந்தமே.

கந்தோரில் எழுதுவினைஞராக இருப்பவருக்கு ஊழியர் சேமலாப நிதி உண்டு. அவர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கொடுக்க, முதலாளி நூற்றுக்கு 12 சேர்க்கிறார். முதுமையில் கையில் ஏதோ இருக்கும். நாற்பது ஆண்டு கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை நின்று ஊதியவருக்கு யார் சேர்க்கிறார்? மூச்சு நிற்கும் வயதில் அவருக்கு இருப்பது ஒரு பொன்னாடைக் குவியல். பொன்னாடையை அடகுக் கடையில் வாங்குவதில்லை. சங்கம் ஒன்று இருக்குமாயின் ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் சிறு தொகை ஒதுக்கி ஒரு வைப்பு நிதி காணலாம். நோய்க்கும் மரணச் செலவுக்கும் அதிலிருந்து உதவலாம். பிரித்தானிய சங்கத்தார் போலக் கருவிகளுக்குக் காப்புறுதியும் மொத்தமாகச் செய்துகொள்ளலாம். வழியில் வான் பிரண்டு நாதசுரம் பிளந்தால் இன்று அது வித்துவானின் விதி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுகைக் கலைஞருக்கும் உரிமை வகுத்திருக்கிறது. அவர் சம்மதமின்றி அவர் வாசிப்பைப் பதிவு செய்யலாகாது. ஆனால் திருவிழா இரவில் நூறு கைத்தொலைபேசிகள் உயர்ந்து நிற்கும்போது, இந்தச் சட்டத்தைத் தனி ஒரு வித்துவான் யாரிடம் போய்ப் படித்துக் காட்டுவார்?

மிகச் சிறிய நன்மை ஒன்றையும் சொல்வோம். எமக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. சங்கத்திலே ஒரு பெயர்ப் புத்தகம் இருக்கும். 2020ஆம் ஆண்டிலே கொரோனா நோய் பரவித் திருவிழாக்களும் கலியாணங்களும் சுருங்கியபோது, பிரித்தானிய வாத்தியகாரர் சங்கம் 10 இலட்சம் பவுண் நிதி ஒன்று அமைத்து அல்லற்பட்ட உறுப்பினருக்கு உடனே உதவியது. உறுப்பினர் யார், எங்கே இருக்கிறார் என்று அதற்குத் தெரியும். இங்கே அவ்வாண்டில் நாமும் சில வீடுகளுக்கு அரிசியும் மாவும் கொண்டுபோனோம். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை வாய்ச் சொல்லால் விசாரித்தே போனோம். கேட்கக் கூச்சப்பட்டவர் வீட்டுக்கு நாம் போகவில்லை. எத்தனை வீடு விடுபட்டதென்று சொல்ல ஒரு புத்தகமும் இல்லை.

மேளகாரர் சங்கம் அமைத்தால் உபயகாரருக்கு நட்டமன்றோ என்று பொருளாளர் மனதில் எண்ணுவது எமக்குக் கேட்கிறது. செலவு சற்றுக் கூடும். அதை மறைக்கவில்லை. ஆயினும் அச்சடித்த ஒப்பந்தத் தாள் ஒன்று இருந்தால் எத்தனை மணி வாசிப்பு, வான் செலவு யாருடையது, மழை வந்தால் என்ன, வித்துவான் வராவிட்டால் என்ன என்பன முன்னரே தீர்ந்துவிடும். சென்ற ஆண்டு ஒரு கோஷ்டியார் முற்பணம் வாங்கிக்கொண்டு எமது மேடைக்கு வராமல் வேறிடம் போனதை உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று யாரிடம் முறையிடுவதென்று தெரியாமல் நின்றோம். சங்கம் இருந்தால் அதனிடம் முறையிட்டிருக்கலாம்.

சங்கத்தை அமைக்க வேண்டியவர்கள் வித்துவான்களே. வெளியிலிருந்து நாம் அமைத்துக் கொடுத்தால் அது இன்னொரு பொன்னாடை ஆகும். நாம் செய்யக்கூடியது ஒன்று. சங்கத்தில் சேர்ந்தவரைச் சேர்ந்த காரணத்துக்காக அழையாமல் விடமாட்டோம் என்று எமது பொதுக்கூட்டத்திலே ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். அயற் சங்கங்களுக்கும் கோயில் மனேச்சர்மாருக்கும் அதன் பிரதியை அனுப்பலாம். தவில் வித்துவானின் கேள்விக்கு விடையின் மற்றைப் பாதி எம்மைப் போன்றவர்களின் கையிலே இருக்கிறதென்று நினைக்கிறோம். இந்த ஆண்டு விஜயதசமிக்கு மேளம் பேசும்போது ஒரு தாளில் எழுதி இரு பக்கத்தாரும் கையெழுத்திடும்படி விழாக் குழுவை வேண்டுகிறோம். பணத்தை வித்துவான் வான் ஏறுமுன் கையில் கொடுக்கவேண்டும் என்றும் வேண்டுகிறோம்.

இன்னொன்று. ஈராண்டுக்கு முந்திய கணக்குப் புத்தகத்தில் மேளச் செலவு என்ற இடத்தில் அரைத் தொகை எழுதப்பட்டிருக்கிறது. மற்றை அரைத் தொகை சங்கத்தின் கடன். பொருளாளர் அவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார். வித்துவானின் வீடு எமக்குத் தெரியும். உறையைக் கொண்டுபோக இம்முறையும் நாமே ஆயத்தம்.